ஹெமிங்ரே-42 கண்ணாடி இன்சுலேட்டர்: முதன்முதலாக வாங்குவோருக்கு ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் பழைய தந்திக் கம்பங்களிலும் தொலைபேசிக் கம்பங்களிலும் இருந்து இறக்கப்பட்ட, கம்பியைத் தாங்கி மின்சாரம் கசியாமல் காத்த கண்ணாடி இன்சுலேட்டர்களைச் சேகரிக்கத் தொடங்குபவர் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஹெமிங்ரே-42 தான். பழகிய சேகரிப்பாளர்கள் விற்பனை மேசையில் இதைக் கண்டால் நின்றுகூடப் பார்க்க மாட்டார்கள். கோடிக்கணக்கில் வார்க்கப்பட்டு, நாடு முழுவதும் கம்பங்களில் ஏறி, பின்னர் அதே வேகத்தில் இறக்கப்பட்ட பொருளுக்கு அரிதானது என்ற மதிப்பு எப்படி வரும் என்பது அவர்கள் கேள்வி. கேள்வி சரிதான், ஆனால் அரிதானதை மட்டுமே தேடி அலைபவர்கள் கண்ணாடியைப் படிக்கக் கற்பதில்லை, விலைப்பட்டியலைத்தான் படிக்கக் கற்கிறார்கள். சில டாலருக்குக் கிடைக்கும் இந்த ஒரு பொருளில் வார்ப்பு, நிறம், அச்சுக் குறி, பழுது, சுத்தம் செய்யும் முறை என்று இத்துறையில் அறிய வேண்டியவை ஏறக்குறைய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. ஆகவே அலங்காரப் பொருளாக மட்டுமின்றி, முதல் பாடநூலாகவும் கொண்டு இதை இங்கே மதிப்பிடுகிறேன்.

பொருளைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் ஒரு விவரிப்பு. சுமார் 4 அங்குல உயரமும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையும் கொண்ட கெட்டிக் கண்ணாடி இது. மேலே உருண்ட முகடு, அதன் கீழே கம்பியைக் கட்டுவதற்கான வளையப் பள்ளம், அதற்கும் கீழே மணியின் வாய்போல் விரியும் பாவாடை. கவிழ்த்துப் பார்த்தால் அந்தப் பாவாடைக்குள் இன்னொரு சிறிய பாவாடை தெரியும். அதன் நடுவில் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் நிற்கும் மர முளையில் திருகுவதற்கான மரை ஓடும். இரட்டைப் பாவாடை வெறும் அழகுக்காக வைத்ததன்று. மழையில் நனைந்த கண்ணாடியின் மேற்பரப்பில் நீர்ப்படலம் பரவும்போது, கம்பியில் ஓடும் மின்னோட்டம் அந்தப் படலத்தின் வழியே மர முளையிலும் கம்பத்திலும் கசிந்து மண்ணில் இறங்கிவிடும். உள்பாவாடை நனையாமல் காய்ந்தே இருப்பதால் கசியும் பாதை அங்கே அறுபடுகிறது. கண்ணாடியின் மடிப்புகளால் அந்தப் பாதையின் நீளமும் கூடுகிறது. நூற்றுக்கணக்கான மைல் நீளும் தொலைபேசித் தடத்தில் கம்பத்துக்குக் கம்பம் சிறிது சிறிதாகக் கசிந்தாலும் மறுமுனையில் குரல் கேட்காது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிறிய பொருளின் வடிவத்தில் ஏன் இத்தனை கவனம் செலவிடப்பட்டது என்பது விளங்கும்.

மரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தித் தடம் தொடங்கிய காலத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இன்சுலேட்டர்களுக்கு மரையே கிடையாது. வழவழப்பான துளையை மர முளையின்மேல் செருகி வைப்பார்கள். மரம் வற்றிச் சுருங்கும்போதும், காற்றில் கம்பி மேல்நோக்கி இழுக்கும்போதும் கண்ணாடி கழன்று தொங்கும். நியூயார்க்கைச் சேர்ந்த லூயி கோவே என்ற தச்சர் துளைக்குள் மரை வார்க்கும் யோசனைக்கு 1865 ஜூலை 25 அன்று காப்புரிமை பெற்றார். மரையில்லாத பழைய வகைகள் இன்று பெரும் விலை போகின்றன. அதனாலேயே அவற்றின் போலிகளும் நடமாடுகின்றன. ஹெமிங்ரே-42 அந்த மரைக்குப் பின் வந்த தலைமுறைகளில் முதிர்ந்தது. துளைக்குள் விரலை விட்டுத் தடவினால் மரை ஒவ்வொன்றும் மழுங்காமல், அகலமாக, ஒழுங்காகத் திரும்புவதை உணரலாம். எந்திர வார்ப்பின் தரத்தை அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

தயாரித்த நிறுவனத்தின் கதை பொருளோடு சேர்த்தே தெரிந்திருக்க வேண்டியது. ராபர்ட் ஹெமிங்ரே 1848-இல் ஒஹாயோவின் சின்சினாட்டியில் கூட்டாளி ஒருவருடன் தொடங்கிய கண்ணாடித் தொழில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கென்டக்கியின் கோவிங்டனுக்கு நகர்ந்தது. 1880களில் இண்டியானாவில் நிலவாயு பெருக்கெடுத்தபோது, உலைக்கு மலிவான எரிபொருள் கிடைக்கும் என்பதால் கண்ணாடி நிறுவனங்கள் அங்கே படையெடுத்தன. உணவைப் பதப்படுத்தி வைக்கும் கண்ணாடி ஜாடிகளுக்குப் பெயர்பெற்ற பால் (Ball) சகோதரர்கள் சென்ற அதே மன்சி நகரத்துக்கு ஹெமிங்ரேயும் 1888-இல் சென்றது. 1933-இல் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனம் அதை வாங்கிய பிறகும் கண்ணாடியில் ஹெமிங்ரே என்ற பெயரே தொடர்ந்து பொறிக்கப்பட்டது. 42 என்ற வகை 1920களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வார்க்கப்பட்டது. தொலைபேசித் தடங்களில் மட்டுமின்றி ரயில் பாதையோரக் கம்பங்களிலும் இது வரிசை வரிசையாக நின்றது.

இனி எழுத்துகளைப் படிக்கும் விதம். ஏமாற்றும் அறியாமையும் அதிகம் கலக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கண்ணாடியின் ஒரு பக்கம் ஹெமிங்ரே-42 என்றும், மறுபக்கம் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்றும் புடைத்த எழுத்துகளில் இருக்கும். 42 என்பது வகை எண். அதை 1942 என்று பொருள்கொண்டு, ‘இரண்டாம் உலகப் போர்க்கால இன்சுலேட்டர்’ என்று அட்டை எழுதி மும்மடங்கு விலை வைக்கும் பழம்பொருள் கடைகளைப் பல ஊர்களில் பார்க்கலாம். உண்மையான ஆண்டை அறிய வேண்டுமானால், ஓவன்ஸ்-இல்லினாய் காலத்துக் கண்ணாடிகளில் பின்பக்கத்துச் சிறிய எண்களைப் பார்க்க வேண்டும். இரண்டு எண்கள் ஒரு சிறு கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கும். முதலாவது அச்சின் எண், இரண்டாவது அந்த அச்சு பயன்பாட்டுக்கு வந்த ஆண்டு. அதை அடுத்து வரும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆண்டு கூடியதைக் குறிக்கும். 25-41 என்று எழுதி நான்கு புள்ளிகள் இருந்தால், 1941-இல் வந்த 25-ஆம் அச்சில் 1945-இல் வார்த்த கண்ணாடி அது. வேலை செய்யும் அச்சையே திரும்ப எடுத்து ஒரு புள்ளியைக் குடைந்து மீண்டும் உலையடியில் வைத்த தொழிலாளியின் கைவேலை அந்தப் புள்ளிகளில் தெரிகிறது. சற்று முன்பின்னாக, சில சமயம் சாய்வாக விழுந்திருக்கும். இந்த விலையில், தன் பிறந்த ஆண்டைத் தானே சொல்லும் பழம்பொருள் வேறு எது கிடைக்கும் என்று தெரியவில்லை.

இதே குழப்பம் காப்புரிமைத் தேதிகளிலும் உண்டு. பழைய ஹெமிங்ரே வகைகளில் ‘1893 மே 2’ என்று பொறித்திருப்பதைக் கண்டு, அந்த ஆண்டிலேயே செய்யப்பட்டது என்று விற்பனையாளர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அது பாவாடையின் கீழ் விளிம்பைச் சுற்றி வரிசையாக நிற்கும் சொட்டு முனைகளுக்கான காப்புரிமையின் தேதி. அந்தத் தேதியைத் தாங்கிய அச்சுகள் அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஓடின. சொட்டு முனைகளின் நோக்கம், விளிம்பில் சேரும் மழைநீரை முனைகளில் திரட்டி விரைவாகச் சொட்டவைத்து, உட்புறத்தைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது. முதலில் கூர்மையாக இருந்த முனைகள் பின்னாளில் உருண்டையாயின. கூர்முனைகள் எளிதில் உடைந்தன என்பதை, அக்காலத்துக் கண்ணாடி ஒன்றைத் தடவிப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 42-இன் உருண்டை முனைகளோ பெரும்பாலும் முழுசாகவே கைக்கு வந்து சேருகின்றன. இந்தப் பொருளுக்கு நான் தரும் முதல் நற்சான்று இது.

கண்ணாடியின் தரத்துக்கு வருவோம். மணலில் இயல்பாகக் கலந்திருக்கும் இரும்பினால்தான் பெரும்பாலான இன்சுலேட்டர்கள் நீலமும் பச்சையும் கலந்த கடல்நிறத்தைப் பெறுகின்றன. யாரும் திட்டமிட்டு ஏற்றிய சாயம் அன்று. ஹெமிங்ரே-42 இந்தக் கடல்நிறத்தில் தொடங்கி, நீலம் ஓங்கிய சாயல், பனிக்கட்டி போன்ற வெளிர்நீலம், பிற்காலத்தின் முற்றிலும் நிறமற்ற கண்ணாடி என்று பல சாயல்களில் கிடைக்கிறது. ஒரே நிறம் என்று நினைத்து வாங்கிய இரண்டை வெளிச்சத்தில் அருகருகே வைத்தால், ஒன்று நீலத்துக்கும் மற்றொன்று பச்சைக்கும் சாய்வதைக் காணலாம். வார்ப்பு சீரானது, காற்றுக் குமிழிகள் அபூர்வம், அச்சுக் கோடுகள் மெல்லியவை, எழுத்துகள் தெளிவானவை. இந்தச் சீர்மையே ஒரு குறையாகவும் படலாம். நியூயார்க்கின் புரூக்ளினில் இயங்கிய புரூக்ஃபீல்டு நிறுவனத்தின் பழைய கண்ணாடிகளை அடுத்து வைத்துப் பார்த்தால் இது புரியும். கிடைத்த உடைகண்ணாடியையெல்லாம் உலையில் போட்டு வார்த்த அந்த நிறுவனத்தின் படைப்புகளில் குமிழிகள், பால்போன்ற சுழல்கள், பழுப்பு நிற இழைகள், தலைகீழாகவும் அரைகுறையாகவும் விழுந்த எழுத்துகள் எனப் பிழைகள் மலிந்திருக்கும். சேகரிப்பாளருக்கு அந்தப் பிழைகளே சுவை. பொறியாளருக்குப் பிடித்தது ஹெமிங்ரே என்றால், கதை கேட்க விரும்புபவருக்குப் பிடித்தது புரூக்ஃபீல்டு. நான் முதல் கட்சி என்றாலும், இரண்டாம் கட்சியின் வாதத்தை மறுக்கும் தைரியம் எனக்கில்லை.

நம் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி இன்சுலேட்டர் என்பதே புதிதாகத் தோன்றலாம். தமிழ்நாட்டில் ரயில் பாதையோரத் தந்திக் கம்பங்களில் நாம் பார்த்து வளர்ந்தவை வெள்ளைப் பீங்கான் குமிழ்கள். பிரிட்டிஷ் தந்தித் துறையின் வழக்கம் அது. அமெரிக்காவில் பீங்கானும் இருந்தது, உயர் மின்னழுத்தத் தடங்களில் அதுவே மேலோங்கியது. ஆயினும் தந்தி, தொலைபேசிக் கம்பங்களில் கண்ணாடிதான் ஆட்சி செய்தது. அது மலிவானது என்பது முதற்காரணம். விரிசல் விழுந்தால் லைன்மேன் கீழிருந்தே காணலாம் என்பதும், ஒளி ஊடுருவுவதால் இருட்டை விரும்பும் பூச்சிகள் உள்ளே கூடு கட்டாது என்பதும் கண்ணாடித் தயாரிப்பாளர்கள் முன்வைத்த கூடுதல் வாதங்கள். பூச்சி வாதத்தை எந்த அளவு நம்புவது என்பது அவரவர் விருப்பம். ரயில் பாதையோரத்திலிருந்து வந்த கண்ணாடிக்குள் சிலந்திக் கூட்டைக் கண்டிருப்பதால் நான் அதை விளம்பரக் கணக்கில்தான் எழுதுகிறேன்.

ஒரே வடிவத்தைப் பல நிறுவனங்கள் வார்த்தன என்பது 42-ஐ வாங்குவதில் கிடைக்கும் இன்னொரு பயன். டெக்சாஸைச் சேர்ந்த என்.ஆர். வுட்வர்டு, செய்த நிறுவனத்தைப் பொருட்படுத்தாமல் வடிவத்தை மட்டும் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் முறையை உருவாக்கினார். சேகரிப்பாளர்கள் அதைச் சி.டி. எண் என்பார்கள். ஹெமிங்ரே-42-இன் வடிவம் சி.டி. 154. நியூஜெர்சியின் மில்வில்லில் விட்டால் டேட்டம் நிறுவனம் வார்த்த ‘நம்பர் 1’, கனடாவின் டொமினியன் நிறுவனம் வைர வடிவக் குறியுடன் வார்த்த 42, வர்ஜீனியாவில் சில ஆண்டுகளே இயங்கிய லிஞ்ச்பர்க் நிறுவனத்தின் ‘நம்பர் 44’, கலிஃபோர்னியாவின் மெக்லாஃப்லின் நிறுவனத்தின் 42 ஆகிய எல்லாமே இந்த ஒரே எண்ணின் கீழ் வருகின்றன. இந்த ஒரு வடிவத்தை மட்டுமே சேகரித்தாலும் ஓர் அலமாரி நிறையும். விலையும் கையைக் கடிக்காது. டொமினியனின் வெளிர் மஞ்சள், பீச் நிறச் சாயல்களும், விட்டால் டேட்டமின் இளம் ஊதாவும், மெக்லாஃப்லினின் பச்சைகளும் ஹெமிங்ரேயின் கடல்நிறத்துக்கு அருகில் நிற்கும்போது, வடிவம் மாறாததால் கண் நிறத்தை மட்டுமே பார்க்கக் கற்கிறது. இணையத்தில் தேடும்போதும் நிறுவனத்தின் பெயரைவிட இந்த எண்ணைக் கொண்டு தேடுவதே சரியான பொருளைக் காட்டும்.

ஊதா நிறம் குறித்து ஓர் எச்சரிக்கை அவசியம். இரும்பின் நிறத்தைப் போக்க அக்காலத்துக் கண்ணாடித் தொழிலில் மாங்கனீசு சேர்த்தார்கள். அந்தக் கண்ணாடி பல ஆண்டுகள் வெயிலில் நின்றால், புற ஊதாக் கதிர்களால் மாங்கனீசின் வேதிநிலை மாறி மெல்ல ஊதாவாகும். கம்பத்தின் உச்சியில் நாளெல்லாம் வெயில் குடித்த கண்ணாடிக்கு இது இயல்பாகவே வந்த நிறம். 1910களில் லாங் பீச்சில் இயங்கிய கலிஃபோர்னியா நிறுவனத்தின் கண்ணாடிகள் இதற்குப் பெயர்பெற்றவை. இதே மாற்றத்தைக் கதிரியக்கத்துக்கு உட்படுத்திக் குறுகிய நேரத்தில் செயற்கையாகவும் உண்டாக்க முடியும். அவ்வாறு செய்தவை இயற்கைக்கு ஒவ்வாத அடர்ந்த ஊதாவாகவோ பழுப்பாகவோ இருக்கும். இன்னொரு கூட்டம், மலிவான 42-களின் மேல் நிறப்பூச்சு ஏற்றி, ‘அரிய கோபால்ட் நீலம்’ என்று இணைய ஏலங்களில் விற்கிறது. எனக்கு வந்து சேர்ந்த ஒரு ‘கோபால்ட்’ ஹெமிங்ரேயின் விளிம்பில் இருந்த சிறு உடைவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, உடைந்த முகம் வழக்கமான கடல்நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. விற்றவர் மறுபேச்சின்றிப் பணத்தைத் திருப்பித் தந்தார் என்பதே அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று. நிறம் கண்ணாடியின் உடலில் இருக்கிறதா, மேலே படிந்திருக்கிறதா என்பதை உடைவிலும், துளையின் மரைகளுக்கு இடையிலும் பார்த்தால் போதும். 42-இல் கண்ணைப் பறிக்கும் நிறம் எதைக் கண்டாலும், அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்கக் கூடாது. 1973-இல் அமைக்கப்பட்ட தேசிய இன்சுலேட்டர் சங்கத்தின் உறுப்பினர்கள் இத்தகைய கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர்கள்; அவர்கள் கூடும் கண்காட்சி விற்பனைகளில் ஒரு பிற்பகல் சுற்றினால் கண்ணுக்குக் கிடைக்கும் பயிற்சி, படங்களைப் பார்த்துக் கிடைக்காது.

பழுதைப் பார்க்கும்போது எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். லைன்மேனின் கருவி பட்டும், கம்பத்திலிருந்து விழுந்தும், சிறுவர்களின் கல்லுக்கும் துப்பாக்கிக்கும் இலக்காகியும் தப்பிய பொருள் இது. பாவாடை விளிம்பில் நகக்கண் அளவு சில்லுப் பெயர்ந்திருப்பது சகஜம். முகட்டில் நட்சத்திரம்போல் உள்ளே பரவிய விரிசல் இருந்தால் வேண்டாம். வெப்பநிலை மாறும்போது அது நீளும். 42-ஐப் பொறுத்தவரை பழுதுள்ளதை எந்த விலைக்கும் வாங்கத் தேவையில்லை, ஏனெனில் பழுதற்றது அடுத்த மேசையிலேயே இருக்கும். இந்தச் சலுகை அரிய வகைகளைத் தேடுபவர்களுக்குக் கிடையாது.

நான் கடைசியாக வாங்கியவை இண்டியானாவில் ஒரு பழம்பொருள் அங்காடியில் மரப்பெட்டியில் குவித்து வைத்திருந்தவை. மேலே கருமை படிந்து, நிறமே தெரியாத நிலையில் இருந்தன. ரயில் பாதையோரக் கண்ணாடிகளில் நீராவி எஞ்சின்களின் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக் கெட்டிப்பட்டிருக்கும். சோப்பு நீர் அதை அசைக்காது. ஆக்ஸாலிக் அமிலத்தை நீரில் கரைத்து, சில நாள்கள் அதில் ஊறவைத்து, பின்னர் மென்மையான தூரிகையால் தேய்ப்பதே சேகரிப்பாளர்களிடையே நிலைத்த முறை. மரத்தை வெளுக்கப் பயன்படும் பொருளாக இது ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. நஞ்சு என்பதால் கையுறை கட்டாயம். குழந்தைகளும் நாய்களும் வரும் இடத்தில் வாளியைத் திறந்து வைக்கக் கூடாது. ஹெமிங்ரே-42 இந்தக் குளியலை எவ்விதக் கேடுமின்றித் தாங்குகிறது. மயில்கழுத்துப் பளபளப்பு ஏற்றிய வேறு சில வகைகளை மட்டும் அமிலத்தில் போடவே கூடாது, பளபளப்பு கழுவிக்கொண்டு போய்விடும். கருமை நீங்கிக் கண்ணாடி தன் நிறத்தில் வெளிவரும் அந்தக் கணத்துக்காகவே, விற்பவர் கழுவிப் பளபளக்க வைத்திருப்பதைவிட அழுக்கானதையே நான் தேர்ந்தெடுப்பேன். அழுக்கானது விலையும் குறைவு.

விலை விஷயத்தில் இடத்துக்கு இடம் பெரும் வேறுபாடு உண்டு. கண்காட்சி விற்பனைகளில் மேசைக்கு அடியில் பெட்டியில் கிடக்கும் கடல்நிற 42 சில டாலருக்குக் கிடைக்கும். கூடவே வேறு ஏதாவது வாங்கினால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். சுற்றுலா ஊர்களின் பழம்பொருள் கடைகளில் அதே பொருளுக்கு அதைப்போல் பல மடங்கு கேட்பார்கள். இணையத்தில் பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு கூடுதலாக இருப்பது வழக்கம், எடை அப்படி. இணையத்தில் வாங்குவதானால் ஒரே விற்பனையாளரிடம் பலவற்றைச் சேர்த்து வாங்குவதும், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றப்பட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பதும் நல்லது. கண்ணாடி கண்ணாடியோடு மோதித்தான் உடையும். வெளிப்பெட்டி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை. ஊருக்குப் போகும்போது நண்பர்களுக்குப் பரிசாக எடுத்துச் செல்லும் எண்ணமுள்ளவர்கள் விமானப் பெட்டியின் எடைக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கட்டும்.

‘வாங்குவானேன், கம்பங்கள்தான் இன்னும் நிற்கின்றனவே’ என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலத்தடி வடங்களும் நுண்ணலைக் கோபுரங்களும் திறந்த கம்பித் தடங்களை ஒவ்வொன்றாகக் காலாவதியாக்கின. ரயில் பாதையோரத் தடங்கள் அவற்றைவிட நீண்ட காலம் நின்றன. பிரித்தெடுத்தவர்களுக்குச் செம்புக் கம்பிதான் பணம், கண்ணாடி குப்பை. ஆகவே கம்பத்தடியிலேயே நொறுங்கியவை ஏராளம். எஞ்சி நிற்கும் கம்பமும் அதன் தலையில் உள்ள கண்ணாடியும் ரயில் நிறுவனத்தின் அல்லது நில உரிமையாளரின் உடைமை. அனுமதியின்றி எடுப்பது திருட்டு. ரயில் நிலத்தில் நுழைவதே குற்றம். கைவிடப்பட்டது போல் தோன்றும் கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடும், உளுத்த கம்பம் ஏறுபவரோடு சேர்ந்தே சாயும். சில டாலர் பொருளுக்காக இத்தனை அபாயத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதில் எந்த வீரமும் இல்லை. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, தரையில் கிடப்பதை மட்டும் பொறுக்கி வருபவர்களைப் பற்றி எனக்கு ஆட்சேபம் கிடையாது.

வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு 42 மிக ஏற்றது. அகன்ற பாவாடையின் மேல் உறுதியாக நிற்கும். மேசையில் தாள்கள் பறக்காமல் வைக்கவும் உதவும். கிழக்குப் பார்த்த சன்னல் விளிம்பில் வைத்தால் காலை வெயிலில் உள்பாவாடையின் வட்டம் வெளிப்பாவாடைக்குள் தனியாகத் தெரியும். நிறமற்ற பிற்கால 42-ஐ இவ்வாறு வைப்பதில் பயனில்லை, சாதாரணக் குடிநீர்க் குவளை போலத்தான் இருக்கும். துளையிட்டு மின்விளக்காக மாற்றி விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். அரிய வகைகளைத் துளையிடுவதை நான் மன்னிக்க மாட்டேன் என்றாலும், 42-இல் செய்வதற்கு மறுப்புச் சொல்வது வீம்பு. பல்பின் சூட்டில் விரிசல் விடாதிருக்க எல்.ஈ.டி. விளக்கு மட்டுமே பொருத்த வேண்டும்.

குறை என்று சொல்ல வேண்டுமானால் மூன்று சங்கதிகள் மனத்தில் நிற்கின்றன. மறுவிற்பனை மதிப்பு இல்லை. முதலீடு என்று எண்ணி யாரும் இதில் இறங்க வேண்டாம். வார்ப்பு மிகச் சீராக இருப்பதால் பத்தாவது 42 முதலாவதைப் போலவே இருக்கும். அச்சு எண்ணையும் ஆண்டையும் தேடிச் சேர்க்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு விரைவில் அலுத்துவிடும். நிறமற்ற பிற்காலக் கண்ணாடிகளையும் கடல்நிறக் கண்ணாடிகளையும் விற்பனையாளர்கள் ஒரே விலையில் கலந்து விற்பதால், இணையப் படத்தின் வெளிச்சத்தை நம்பி வாங்கியவர் ஏமாற வாய்ப்பு அதிகம்.

கடல்நிறத்தில், புள்ளிகள் தெளிவாக விழுந்த, விளிம்பு முழுசான ஹெமிங்ரே-42 இரண்டும், நீலம் ஓங்கிய சாயலில் ஒன்றும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு டொமினியன்-42-உம் ஒரு விட்டால் டேட்டமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தும் சேர்ந்தே ஒரு வேளை உணவகச் செலவுக்குள் அடங்கிவிடும். அவற்றோடு பழகிய பின், தேன்கூடு என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் சி.டி. 145-க்குப் போகலாம், அதில் ஹெமிங்ரேயின் பழைய சுருக்கப் பெயரான ‘ஹெச்.ஜி. கோ.’ என்ற பொறிப்புள்ளது கிடைத்தால் நல்லது. மேல்பக்கம் இரு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும் ‘மிக்கி மவுஸ்’ என்ற ஹெமிங்ரே-60 எல்லோரையும் இழுக்கும். ஆனால் அதன் காதுகள் உடைந்திருக்கின்றனவா, உடைந்த இடத்தை யாராவது தேய்த்துச் சமப்படுத்தியிருக்கிறார்களா என்று பார்க்கும் கண் வருவதற்கு முன் அதற்குப் பணம் செலவிட வேண்டாம்.